அந்த முதல் பத்து நிமிடத்துக்கு எங்களை யாரும் தயார்ப்படுத்தவில்லை

ஏற்காட்டில் ஆடி மாதம் என்றால் காலை ஒன்பது மணிக்கும் மூடுபனி கலையாது. பிள்ளைகள் எல்லோரும் முழுக்கை ஸ்வெட்டரோடுதான் வகுப்பில் உட்கார்ந்திருப்பார்கள். கீழே சேலத்தில் ஒரு பிள்ளை வெயில் காலத்திலும் கையை மூடிக்கொண்டே வந்தால், ஏன் என்று கேட்க யாராவது ஒருவர் இருப்பார். மலைமேல் அந்தக் கேள்வி எழவே வழியில்லை. 2022 ஜூலையில் என் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து பேசும்வரை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளை என் வகுப்பில் இருக்கக்கூடும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. பதினேழு ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் இதைச் சொல்ல வெட்கப்பட வேண்டும்தான். ஆனால் பி.எட். படிப்பிலோ, அதற்குப் பிறகு நான் போய்வந்த பணியிடைப் பயிற்சிகளிலோ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னவர் யாரும் இல்லை.

நான் அஸ்தம்பட்டியில் குடியிருந்துகொண்டு, தினமும் இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் பேருந்தில் ஏறி இறங்கி, விடுதியோடு கூடிய ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். அன்று மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் மட்டும் மேசையருகே நின்றாள். "மிஸ், ஒண்ணு சொன்னா யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களா?" என்று கேட்டாள். "சத்தியமா சொல்ல மாட்டேன், சொல்லு கண்ணு" என்றேன். அவள் ஸ்வெட்டர் கையை மேலே இழுத்தாள். என் முகம் எப்படி மாறியது என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவள் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ, ஏன்டி இப்படிப் பண்ணின? அப்பா அம்மாவ நெனச்சுப் பாத்தியா?" என்று என் வாயில் வந்துவிட்டது. உடனே ஸ்வெட்டரைக் கீழே இழுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல மிஸ், விடுங்க" என்றாள். எத்தனையோ மாதங்கள் யோசித்து, யாரிடம் சொல்வது என்று தேர்ந்து, துணிவைத் திரட்டிக்கொண்டு வந்த பிள்ளையின் பேச்சை நான் ஒரே நிமிடத்தில் முடித்துவைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான் செய்தவை அதைவிட மோசமானவை. இரவெல்லாம் தூங்காமல், காலையில் ஆசிரியர் அறையில் எனக்கு நெருக்கமான ஒருவரிடம் மட்டும், யாரிடமும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடு சொன்னேன். மதிய உணவுக்குள் அறை முழுவதற்கும் தெரிந்திருந்தது. பிற்பகலில் முதல்வர் அழைத்தார். மாலையில் விடுதிக் காப்பாளர் அந்த அறையின் மாணவிகள் அனைவரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவராகக் கையைக் காட்டச் சொன்னார். அவர் கெட்டவர் அல்லர். பயந்துபோன ஒருவர் கைக்கு எட்டிய முதல் வழியைப் பிடித்துக்கொண்டார், அவ்வளவுதான். அவள் தந்தை செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்பவர். "உடனே கிளம்பி வாங்க" என்று தொலைபேசியில் சொன்னதைக் கேட்டு, பிள்ளை இறந்துவிட்டதாகவே எண்ணிக்கொண்டு மலையேறி வந்தார். காவல்துறை வழக்காகிவிடும், பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தில் முதல்வர், ஒரு மாதம் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தபோது என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போய்விட்டாள்.

இது நடந்து மூன்று வாரங்களுக்குள் அதே விடுதி அறையில் இன்னும் இரண்டு பிள்ளைகளிடம் காயங்கள் தெரியவந்தன. வரிசையில் நிற்கவைத்ததுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் முன்பே செய்துகொண்டிருந்திருக்கலாம். ஆனால் இந்த வயதில் சுயகாயம் நண்பர் கூட்டத்துக்குள் ஒருவரைப் பார்த்து ஒருவருக்குப் பரவக்கூடியது என்பதும், அதனால் பலர் முன்னிலையில் அதைப் பேசுவதும் காட்டுவதும் தீங்கு என்பதும் இத்துறையில் பணிபுரிவோர் நன்கு அறிந்த செய்தி என்று பின்னர் தெரிந்துகொண்டேன். இதை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு முதலில் சொல்ல விரும்புவது இதைத்தான்: காலைக் கூட்டத்தில் பேசாதீர்கள், வகுப்பில் பொதுவாக எச்சரிக்காதீர்கள், மற்ற பிள்ளைகள் முன்னால் சோதிக்காதீர்கள். எதுவானாலும் தனித்தனியாக, கதவு திறந்திருக்கும் ஓர் அறையில், மெதுவான குரலில் பேசுங்கள்.

அடுத்து பணத்தை இழந்த கதை. ஊழியர்களுக்குப் பயிற்சி தேவை என்று நான் முதல்வரிடம் நச்சரித்ததில், அந்த நவம்பரில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளரை அழைக்க ஒப்புக்கொண்டார். அவர் கேட்டது 15,000 ரூபாய். நிர்வாகம் 9,000 தான் தரும் என்றதால் மீதி 6,000 ரூபாயை நானே போட்டேன். அவர் இரண்டு மணி நேரம் பேசினார். முதல் ஒரு மணி நேரம் வெற்றி பெறுவது எப்படி என்பது பற்றி. பிறகு எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் காயங்களின் படங்களைத் திரையில் காட்டினார். ஆசிரியை ஒருவர் எழுந்து வெளியே போனார். தன் பதின்வயதில் அதே வேதனையைக் கடந்து வந்தவர் அவர் என்பது எனக்குப் பல மாதங்கள் கழித்துத்தான் தெரிந்தது. ஊழியர்களுக்குப் பயிற்சி என்று உட்காரும்போது, கேட்பவர்களில் சிலருக்கே அந்த வலி சொந்த அனுபவமாக இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. இப்போது யாரையாவது அழைப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்கிறேன். பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளோடு நேரடியாகப் பணிபுரிந்த மனநல மருத்துவரா, உளவியலரா, சமூகப் பணியாளரா? படங்களும் செய்முறை விவரங்களும் காட்டாமல் பேசுவாரா? ஆசிரியர் அல்லாத ஊழியர்களையும் உட்காரவைத்துப் பேசுவாரா? மூன்றாவது கேள்வியை நான் சேர்த்ததற்கு ஒரு காரணம் உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன்.

2023 ஜனவரியில் ஒருநாள் தற்செயல் விடுப்பு எடுத்துக்கொண்டு சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். மனநலப் பிரிவின் வெளிநோயாளிகள் வரிசையில் நோயாளியைப் போலவே சீட்டு வாங்கிக் காத்திருந்து, மதியம் ஒரு மணிக்கு ஒரு மருத்துவரிடம் விஷயத்தைச் சொன்னேன். மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது, அதன் குழுவினர் பள்ளிகளுக்கு வந்து பேசுவார்கள், கட்டணம் கிடையாது, பள்ளியின் முகவரித்தாளில் ஒரு கடிதம் போதும் என்றார். என் ஆறாயிரம் ரூபாய் அந்த வராந்தாவில் நின்றபோது இன்னொரு முறை வலித்தது. இத்தகைய திட்டம் மாவட்டந்தோறும் இருக்கிறது. தனியார் பள்ளி, மலைப்பள்ளி என்று தயங்காமல் கடிதம் கொடுங்கள். தேதி கிடைக்கத் தாமதமாகும் என்பதை மட்டும் முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஜூன் மாதத்தில்தான் கிடைத்தது.

இரண்டு சனிக்கிழமைகள், தலா அரை நாள். ஓர் உளவியலரும் ஒரு சமூகப் பணியாளரும் வந்தார்கள். அந்த உளவியலர் எடுத்த எடுப்பிலேயே, இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சாவதற்காக இதைச் செய்வதில்லை, தாங்க முடியாத ஓர் உணர்விலிருந்து சில நிமிடங்கள் விடுபடுவதற்காகச் செய்கிறார்கள் என்றார். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு வயதில்தான் இது பெரும்பாலும் தொடங்குகிறது. ஆனால் சாக விருப்பமில்லை என்பதால் இதை ஒதுக்கிவைத்துவிடவும் முடியாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பிள்ளைக்குப் பின்னாளில் தற்கொலை எண்ணம் வரும் ஆபத்து மற்றவர்களைவிட அதிகம். ஆகவே, "சாகணும்னு தோணுதா?" என்று நேரடியாகக் கேட்டுவிட வேண்டும், கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்றார். அறையில் பாதிப் பேருக்கு இதை ஏற்க முடியவில்லை. நானே அந்தக் கேள்வியை வாய்விட்டுச் சொல்லிப் பழக வீட்டில் கண்ணாடி முன் நிற்க வேண்டியிருந்தது.

எங்கள் கணக்கு ஆசிரியர் எழுந்து, "எல்லாம் மத்தவங்க கவனிக்கணும்னு பண்றதுங்க மேடம்" என்றார். அவர் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். உளவியலர் கோபப்படவில்லை. "உங்க ஸ்கூல்ல அந்தப் பொண்ணு எவ்வளவு நாளாச் செஞ்சுட்டு இருந்தா, சார்?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேலாக என்றார் அவர். "நீங்க கவனிக்கணும்னு செஞ்சிருந்தா உங்களுக்கு ஏன் ஒரு வருஷம் தெரியாமப் போச்சு?" என்றார் உளவியலர். கணக்கு ஆசிரியர் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குப் பிறகு இந்த விஷயத்தில் எனக்கு முழுத் துணையாக நிற்பவர் அவர்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தத் தேநீர் இடைவேளையில் நடந்ததை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. தேநீர்த் தட்டோடு வந்த விடுதி ஆயாம்மா போகாமல் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். சமூகப் பணியாளர்தான் அவரைப் பார்த்து, நீங்களும் உட்காருங்கள் அம்மா என்றார். உட்காரவில்லை. நின்றபடியே, "பெட்ஷீட் தொவைக்கிறவ நான்தானுங்க. அந்தப் புள்ளை விஷயம் வெளிய தெரியறதுக்கு எட்டு மாசம் முன்னாடியே எனக்குத் தெரியும். யாரும் கேக்கல. சொன்னா என் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு சும்மா இருந்துட்டேன். ராத்திரியில பக்கத்துல போயி, என்ன சாமி தூங்கலியான்னு மட்டும் கேப்பேன்" என்றார். எம்.எஸ்சி., பி.எட். படித்த நாங்கள் முப்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு பள்ளியில் பிள்ளைகளின் உடம்பையும் துணியையும் தூக்கத்தையும் பார்ப்பவர்கள் ஆயாக்கள், காப்பாளர்கள், சமையல்காரர்கள், இரவுக் காவலர், விளையாட்டு ஆசிரியர், வேன் ஓட்டுநர் ஆகியோர். நாங்கள் பார்ப்பது மதிப்பெண்ணை. ஆனால் பயிற்சிக்கு எங்களை மட்டும் உட்காரவைத்திருந்தார்கள். இரண்டாவது சனிக்கிழமை எல்லோரும் வந்தார்கள். ஒருவர் சொன்ன தகவலுக்காக அவரது வேலைக்கு எந்தக் கெடுதலும் வராது என்று முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொன்னார். அந்த உறுதி இல்லாமல் நடத்தும் எந்தப் பயிற்சியும் வீண் என்பது என் கருத்து.

இரண்டாம் நாள் முழுக்க நடித்துப் பார்த்தோம். ஒருவர் பிள்ளை, ஒருவர் ஊழியர். கேட்க எளிதாக இருக்கிறது, ஆனால் பெரிய மீசை வைத்த எங்கள் விளையாட்டு ஆசிரியர் மூன்று முறையும், "என்னம்மா இது!" என்று அரங்கமே அதிரக் கத்திவிட்டார். நாலாவது முறைதான் அவரால் மெதுவாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார முடிந்தது. முகத்தில் அதிர்ச்சியையும் அருவருப்பையும் காட்டாமலிருக்கப் பழகவேண்டும், அதேபோல் அளவுக்கு மீறிய பரிவையும் காட்டக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் காலில் முள் குத்திவிட்டது என்று வந்தால் எப்படிப் பேசுவோமோ அந்தக் குரல் போதும் என்றார் உளவியலர். ஏன் செய்தாய் என்ற கேள்வி, பிள்ளையின் காதில் குற்றச்சாட்டாகவே விழும். அதற்குப் பதிலாக நாங்கள் பழகிய வாக்கியங்கள் இவை: "சொன்னது நல்லதாப் போச்சு." "முதல்ல காயத்துக்கு மருந்து போடலாமா?" "இதை நான் ஒருத்தியா வச்சுக்க முடியாது. ஆனா யார்கிட்டச் சொல்லப் போறேன், என்ன சொல்லப் போறேன்னு உனக்கு முன்னாடியே சொல்லிடுவேன்." இந்தக் கடைசி வாக்கியம் எனக்கு 2022 ஜூலையில் தெரிந்திருந்தால் நான் சத்தியம் செய்திருக்க மாட்டேன், சத்தியத்தை மீறியிருக்கவும் மாட்டேன்.

இனிமேல் செய்ய மாட்டேன் என்று பிள்ளையிடம் எழுதி வாங்குவதும் வேண்டாம் என்று சொன்னார்கள். எங்கள் பள்ளியில் எதற்கெடுத்தாலும் எழுதி வாங்கும் பழக்கம் உண்டு, ஆகவே இதில் நீண்ட விவாதம் நடந்தது. வேறு வழி கற்றுக்கொள்ளாத பிள்ளையிடமிருந்து அந்த ஒரு வழியைப் பிடுங்கினால் அது மறைத்துச் செய்யும், வாக்குத் தவறிவிட்டோம் என்ற குற்றவுணர்வும் கூடச் சேரும், அடுத்த முறை நம்மிடம் வராது. நிறுத்தவைப்பது நம் வேலை அன்று. சிகிச்சை தருபவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், சேர்த்த பிறகும் வகுப்பில் அந்தப் பிள்ளையைப் பழையபடி நடத்துவதும்தான் நம் வேலை. உணர்வுகளைக் கையாளும் பழக்கங்களைப் படிப்படியாகச் சொல்லித்தரும் சிகிச்சை முறைகள் பதின்வயதினருக்குப் பலன் தருகின்றன என்றும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்றும், இடையில் திரும்பவும் காயம் தெரிந்தால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று முடிவுகட்டக்கூடாது என்றும் விளக்கினார்கள்.

சட்டத்தைப் பற்றி முதல்வருக்கு இருந்த பயத்தையும் அவர்கள்தான் தீர்த்தார்கள். சாகும் நோக்கமில்லாமல் தன்னைக் காயப்படுத்திக்கொள்வது குற்றமே அன்று. தற்கொலைக்கு முயன்றவரைக்கூட, 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து காக்கிறது. பள்ளி உண்மையில் பயப்பட வேண்டிய சட்டம் வேறு. காரணத்தைப் பேசும்போது பிள்ளை பாலியல் கொடுமையைச் சொல்லிவிட்டால், போக்சோ சட்டத்தின்படி அதைக் காவல்துறையிடம் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிந்தும் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரையிலும், நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. அத்தகைய நேரத்தில் விசாரணை நடத்துவது ஆசிரியரின் வேலை அன்று. பிள்ளை சொன்னதைச் சொன்ன சொற்களிலேயே எழுதிவைத்துக்கொண்டு, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் காவல்துறைக்கும் சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவரே காரணமென்று பிள்ளை சொன்னால், பெற்றோரை அழைப்பதற்கு முன் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு பேசிவிட வேண்டும். மற்ற நேரங்களில் பெற்றோருக்குச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் பிள்ளைக்குத் தெரிவித்த பிறகு, நேரில், "பிள்ளை நல்லா இருக்கா, ஒரு விஷயம் பேசணும்" என்ற முதல் வாக்கியத்தோடு.

இவற்றையெல்லாம் ஒரே ஒரு தாளில் எழுதிவைத்தோம். ஓர் ஆசிரியை, ஓர் ஆசிரியர் என இரண்டு பொறுப்பாளர்கள். யாருக்கு எது தெரியவந்தாலும் அன்றே இவர்களில் ஒருவரிடம் மட்டும் சொல்ல வேண்டும், ஆசிரியர் அறையில் பேசக்கூடாது. குறிப்பேடு பூட்டிய அலமாரியில் இருக்கும். இரத்தம் நிற்காவிட்டாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ, பிள்ளை எதையாவது விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல் 108. சாக வேண்டும் என்று சொன்ன பிள்ளையை ஒரு நிமிடமும் தனியே விடக்கூடாது. தாளின் கீழே 14416 என்ற எண்ணைப் பெரிதாக எழுதியிருக்கிறோம். டெலி மானஸ் எனப்படும் இந்த இலவச மனநல உதவி எண் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். இந்த எண்ணைப் பிள்ளைகளுக்கு முன்பாக நான்தான் பயன்படுத்தினேன். முதல் மாணவி போன பிறகு பல மாதங்கள் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஓர் இரவு பதினொரு மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து பேசினேன். ஆசிரியர்கள் தங்களுக்காகவும் கூப்பிடலாம்.

2024 பிப்ரவரியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் விஷயம் வந்தது. கண்டறிந்தவர் ஆயாம்மாதான். வழக்கம்போல என்ன சாமி என்று கேட்டு, மருந்து போட்டு, விளக்கணைக்கும் முன் பொறுப்பாசிரியையிடம் சொல்லிவிட்டார். மற்ற பிள்ளைகள் யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் நேரில் வந்த தந்தை, எல்லாம் நல்லபடியாகப் போகும் என்று நாங்கள் எண்ணியதற்கு மாறாக, இருபது நிமிடம் எங்களைத் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு வாரம் வீட்டில் இருந்துவிட்டு அவள் திரும்பி வந்தாள். வாரம் ஒருமுறை மலையிறங்கிப் போய்வரும் சிகிச்சைக்காக அந்த மதியங்களுக்கு வருகைப்பதிவு கொடுக்க முதல்வர் ஒப்புக்கொண்டார். அவள் இன்னும் முழுமையாக நிறுத்திவிடவில்லை. சென்ற பருவத்தில் ஒருமுறை நடந்தது, அன்றே தானாக வந்து சொன்னாள்.

இந்த ஜூனில் புதிதாக ஐந்து ஆசிரியர்களும் இரண்டு வேன் ஓட்டுநர்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கென்று முதல்வர் ஒரு சனிக்கிழமை மதியம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார். முதல் அரை மணி நேரத்தை ஆயாம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். மேடையில் ஏறி நின்று பேசமாட்டேன், நாற்காலியைப் பக்கத்தில் போட்டால் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நாகலூர் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டுமாம், அதனால் நான்கு மணிக்குள் முடித்துவிடவும் சொன்னார்.